லாரி இன்ஜினைக் கழுவும் முறை: தண்ணீர் கடைசியில்தான்

கேபினைத் தூக்கி, ஸ்ப்ரே கன்னில் டீசலை ஊற்றி இன்ஜின் முழுக்க அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிரஷர் வாஷரால் பீய்ச்சியடிப்பது. நெடுஞ்சாலை ஓரத்து வாட்டர் சர்வீஸ்களில் இன்றும் பல இடங்களில் இதுதான் வழக்கம். மெக்கானிக்கல் பம்ப் இருந்த பழைய வண்டிகள் இதைத் தாங்கிக்கொண்டன. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த, பிஎஸ்6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிகள் தாங்காது. காமன் ரயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அதிக அழுத்தத்தில் தரும் குழாய்) ஒரு பிரஷர் சென்சார், கிராங்க் சென்சார், கேம் சென்சார், பூஸ்ட் சென்சார், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வின் மோட்டார், புகையில் யூரியா அடிக்கும் டோசர், எல்லாவற்றுக்கும் மேலே ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) என்று இன்ஜினைச் சுற்றி மின்சாரச் சாமான்கள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கப்ளர், அதாவது ஒயரைச் செருகும் இணைப்பு. ஒரே ஒரு கப்ளருக்குள் தண்ணீர் புகுந்தால் போதும், வண்டி பிக்கப் இழந்து ஊர்ந்து போகும். சில சமயம் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் கழித்து பின்களில் பச்சை பூத்து, எங்கோ மேடேறும்போது டேஷ்போர்டில் எச்சரிக்கை லைட் எரியும். அப்போது அது கழுவியதால் வந்தது என்று யாருக்கும் தோன்றாது.

இன்ஜினின் பிசுக்கை எடுப்பது மருந்தும் (பிசுக்கை இளக்கும் டிகிரீசர்) பிரஷும்தான். இளகிய அழுக்கைக் கீழே இறக்கிவிடுவது மட்டுமே தண்ணீரின் வேலை. இந்த வரிசையை மாற்றாமல் இருந்தாலே பாதிச் சேதம் தவிர்ந்துவிடும். இங்கே சொல்வது ஆறு சிலிண்டர், 24 வோல்ட், கேபின் தூக்கும் லாரிக்கானது. நான்கு சிலிண்டர் வண்டிக்கு அளவைக் குறைத்துக்கொள்ளலாம், முறை மாறாது.

பளபளப்புக்காக இந்த வேலையைச் செய்வதில்லை. எண்ணெயும் தூசியும் சேர்ந்து படிந்த பிசுக்கு, டர்போவுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் பக்கத்தில் இருந்தால் அது எரிபொருள். லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும் வண்டியில் மேனிஃபோல்டு வழியாகப் போகும் புகையின் சூடு 500 டிகிரியைத் தாண்டும். டீசல் பொறி எதுவும் இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ள சுமார் 250 டிகிரி போதும். கரும்புச் சோகை, வைக்கோல், தேங்காய் நார் ஏற்றும் வண்டிகளில் அந்தச் சருகும் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும்; அவை மற்ற வண்டிகளைவிட அடிக்கடி சுத்தம் கேட்கும். அடுத்தது சூடு: பிளாக்கிலும், அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பிலும் தடித்துப் படிந்த பிசுக்கு, வெளியேற வேண்டிய சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். பிசுக்குக்கு அடியில் எந்த பேக்கிங் கசிகிறது, எந்த ஓஸ் வெடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் போவது இன்னும் பெரிய விஷயம். கழுவுவதை ஒரு சோதனையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கழுவுவதற்கு முன் பார்க்க வேண்டியது

அழுக்கு அப்படியே இருக்கும்போதே நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். இடது பக்கம், வலது பக்கம், மேலே, சம்ப்புக்குக் கீழே, ஃப்ளைவீல் ஹவுசிங் பக்கம். கழுவியபின் இந்தச் சாட்சி திரும்பக் கிடைக்காது. வண்டி வாரண்டியில் இருந்து கசிவு இருந்தால், முதலில் சர்வீஸ் சென்டரில் காட்டிவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

கசிவைப் படிக்க ஒரு விதி உதவும். ஃபேன் காற்று முன்னாலிருந்து பின்னால் அடிக்கிறது, எண்ணெய் மேலிருந்து கீழே இறங்குகிறது. ஆகவே ஈரம் எங்கே இருக்கிறதோ, கசிவின் ஊற்று அதற்கு மேலேயும் முன்னேயும் இருக்கும். சம்ப் முழுக்க எண்ணெய் என்றதும் சம்ப் பேக்கிங்கை மாற்றச் சொல்வது பல இடங்களில் நடக்கும் வீண் செலவு. டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் ஃபில்டர் அடிப்பகுதி, ஆயில் கூலர் பேக்கிங், டர்போவிலிருந்து சம்ப்புக்கு இறங்கும் ஆயில் ரிட்டர்ன் பைப், ஏர் கம்ப்ரஸர் இணைப்பு, இவற்றைப் பார்த்தபிறகுதான் சம்ப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடியில் சொட்டினால் பின் கிராங்க் ஆயில் சீலாக இருக்கலாம். ஆனால் அங்கேயும் மேலிருந்து வழிந்து வந்ததா என்று முதலில் பாருங்கள்.

நிறமும் வாசனையும் பாதி சொல்லிவிடும். கறுப்பாக வழவழப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். மெல்லியதாக ஓடி, மூக்கில் ஏறினால் டீசல். பச்சை, ஆரஞ்சு, ரோஸ் நிறக் கறை காய்ந்து மாவு போல இருந்தால் கூலன்ட். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங் ஆயில். யூரியா டோசர் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் யூரியா கசிந்து காய்ந்திருக்கிறது. இன்டர்கூலர் ஓஸ் இணைப்பில் எண்ணெயோடு கரி கலந்து விசிறியடித்த மாதிரி இருந்தால், அங்கே பூஸ்ட் காற்று, அதாவது டர்போ அழுத்தி அனுப்பும் காற்று, வெளியேறுகிறது. கரும்புகை வருகிறது, இழுவை இல்லை என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தால் காரணம் அந்த ஒரு கிளாம்ப்பாகவே இருக்கக்கூடும்.

எதைக் கொண்டு கழுவக் கூடாது

டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். இந்தியத் தரத்தின்படி டீசலின் ஃப்ளாஷ் பாயின்ட் (அதன் ஆவி நெருப்புப் பட்டால் பற்றத் தொடங்கும் சூடு) குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும். சித்திரை வெயிலில் நாமக்கல்லிலும் கரூரிலும் வெளிக்காற்றே அதைத் தாண்டிவிடுகிறது. அதிலும் ஸ்ப்ரே கன்னில் புகையாக அடித்தால் திரவமாக இருப்பதைவிடச் சுலபமாகப் பற்றும். சூடு ஆறாத டர்போ, கழற்றாமல் விட்ட பேட்டரி ஒயர், பக்கத்தில் பீடி பிடிப்பவர், மூன்றில் ஒன்று போதும். தீப்பிடிக்காவிட்டாலும் ரப்பருக்குக் கேடு. கூலன்ட் ஓஸ், ஃபேன் பெல்ட், இன்ஜின் மவுண்ட் ரப்பர் எல்லாம் டீசலை உறிஞ்சி ஊதி, பிறகு வெடிக்கும். கழுவிய பிறகும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் தங்கி, முன்பைவிட வேகமாகத் தூசியைப் பிடிக்கும்.

காஸ்டிக் சோடா கலந்த மலிவுக் கரைசலும் வேண்டாம். பிசுக்கு போகும், உண்மைதான். ஆனால் ரேடியேட்டர், இன்டர்கூலர், ஆல்டர்னேட்டர் உடல், டைமிங் கவர் எல்லாம் அலுமினியம். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும். வெள்ளை வெள்ளையாகப் பூத்துப் போவது அதனால்தான். சேஸிஸ் துருவுக்கும் காய்ந்த சிமெண்டுக்கும் அடிக்கும் ஆசிட்டும் இன்ஜின் பக்கம் வரவே கூடாது.

வாங்க வேண்டியது தண்ணீரில் கரையும் இன்ஜின் டிகிரீசர். கேனில் அலுமினியத்துக்கும் ரப்பருக்கும் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். லேபிளே இல்லாத கேன் என்றால், கலந்த கரைசலில் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். 12-ஐத் தாண்டினால் அது காஸ்டிக் சாதி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தேவையான சாமான்கள்

டிகிரீசர் கான்சன்ட்ரேட் 2 லிட்டர். பூச்செடிக்கு மருந்தடிக்கும் 5 லிட்டர் கைபம்ப் ஒன்று, சுத்தத் தண்ணீர் நிரப்பிய இன்னொன்று. நைலான் பிரஷ் இரண்டு, 2 அங்குல பெயின்ட் பிரஷ் இரண்டு, பழைய டூத் பிரஷ் நான்கு. பிசுக்கு சுரண்ட மரக் குச்சி அல்லது பிளாஸ்டிக் பட்டை. பனியன் வேஸ்ட் 2 கிலோ. கட்டியான பாலிதீன் பைகள், ரப்பர் பேண்ட், இன்சுலேஷன் டேப். முனை மாற்றக்கூடிய ட்ரிகர் வைத்த தண்ணீர் ஓஸ். ஏர் கன்னோடு கம்ப்ரஸர். எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஒரு ஸ்ப்ரே. கைக்கு நைட்ரைல் கையுறை, கண்ணுக்கு ஓரம் மூடிய கண்ணாடி, தூசி அடிக்கும்போது மாஸ்க். கை எட்டும் தூரத்தில் ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று. மூடி உள்ள தகர டின் ஒன்று, எண்ணெய்த் துணியைப் போட. கம்பி பிரஷை எடுக்கவே வேண்டாம். ஒயர் உறையைக் கிழித்துவிடும்.

வண்டியை நிறுத்துவது, கேபினைத் தூக்குவது

நீண்ட ஓட்டத்திலிருந்து வந்த வண்டியை 2 அல்லது 3 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் ஆறட்டும். சிவக்கச் சூடான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். புகையை அளக்கும் நாக்ஸ் சென்சாரின் உள்ளே பீங்கான். சூட்டில் ஒரு துளி பட்டாலும் உடையலாம். டிபிஎஃப் ரீஜெனரேஷன் (புகை ஃபில்டரில் சேர்ந்த கரியை வண்டி தானே எரிப்பது) இப்போதுதான் நடந்து முடிந்தது என்றால் சைலன்சர் பெட்டி இன்னும் வெகுநேரம் கொதிக்கும், அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. அதற்காக முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிளாக்கின் மேல் உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பாக, எடுக்காமல் வைத்திருக்க முடிகிற அளவு இருந்தால் மருந்து நன்றாக வேலை செய்யும்.

சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கேபினுக்குள் இருக்கும் தண்ணீர் கேன், அடுப்பு, டூல் பாக்ஸ், டேஷ்போர்டு மேல் இருக்கும் சாமி படம் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். கேபின் சாயும்போது இவை பாய்ந்து முன் கண்ணாடியை உடைத்த வண்டிகள் பல. கேபினை முழுக்கத் தூக்கி, தாங்கு கம்பியோ லாக்கோ விழுந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பாதி தூக்கிய கேபினுக்கு அடியில், ஒரு நிமிட வேலைதானே என்று யாரும் தலையை நுழைக்கக் கூடாது. ஹைட்ராலிக் பம்ப்பை மட்டும் நம்பி நிற்பது உயிரைப் பணயம் வைப்பது.

இனி பேட்டரி. சாவியை ஆஃப் செய்த உடனே கட் ஆஃப் சுவிட்சைத் திருப்பாதீர்கள். பிஎஸ்6 வண்டியில் யூரியா பம்ப், பைப்பில் மிச்சமிருக்கும் யூரியாவைத் திரும்ப டேங்குக்கு இழுத்துக்கொள்ளும். அந்தச் சத்தம் நின்றபின் இன்னும் 5 நிமிடம் பொறுத்துத் திருப்புங்கள். முன்பே அணைத்தால் யூரியா பைப்பிலும் டோசரிலும் காய்ந்து உப்பாகி அடைத்துக்கொள்ளும். கட் ஆஃப் சுவிட்ச் இல்லாவிட்டால் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள். கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில்.

மூடுவது

ஏர் கிளீனருக்குக் காற்று உள்ளே போகும் வாய் மிக முக்கியம். அது வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராட் வளையும். தண்ணீர் அமுங்காது. ஒரு கப் தண்ணீருக்கு முழு இன்ஜின் வேலை செலவாகும். கேபின் தூக்கியதும் ஏர் டக்ட் இணைப்பு பிரிந்து வாய் திறந்து நிற்கும் மாடல்கள் உண்டு. அதற்கு இரட்டைப் பை போட்டு டேப் சுற்றுங்கள்.

அடுத்து ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், ஈசியூவும் அதன் பெரிய கப்ளர்களும், ஃப்யூஸ் பாக்ஸ், ஏசி கம்ப்ரஸர் கிளட்ச் கப்ளர். ஆல்டர்னேட்டரில் தண்ணீரைவிட மருந்து மோசம். உள்ளே கார்பன் பிரஷ் ஓடும் வளையத்தில் படிந்து சார்ஜைக் குறைக்கும். டீசல் டேங்க் மூடி, யூரியா டேங்க் மூடி, ஆயில் ஊற்றும் மூடி, டிப் ஸ்டிக், பவர் ஸ்டியரிங் டப்பா, கிளட்ச் ஆயில் டப்பா எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். கிராங்க்கேஸ் பிரீதர் (இன்ஜின் உள்ளே சேரும் ஆவி வெளியேறும் குழாய்) வெளியே திறந்திருந்தால் அதற்கும் பை. ஏர் டிரையரின் காற்று வெளியேறும் வாயையும் மறக்க வேண்டாம்.

எத்தனை பை போட்டோம் என்பதை எண்ணி, கேபின் கதவில் சாக்பீஸால் எழுதிவையுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் அதே எண்ணிக்கை கையில் திரும்ப வர வேண்டும். மறந்துவிட்ட ஒரு பை டர்போவின் மேல் உருகி ஒட்டும், பற்றவும் செய்யும். இல்லாவிட்டால் காற்றோடு உள்ளே இழுக்கப்படும்.

தண்ணீர் இல்லாமல் முதல் பாதி

முதலில் உலர்ந்த தூசி. கம்ப்ரஸர் காற்றை 30 முதல் 40 பிஎஸ்ஐக்குக் குறைத்து, மேலிருந்து கீழாக ஊதுங்கள். சிமெண்ட் ஏற்றும் வண்டிகளுக்கு, அரியலூர் பக்கம் ஓடும் வண்டிகளுக்கெல்லாம், இந்தப் படியில்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். சிமெண்ட் தூசியின்மேல் தண்ணீர் பட்டால் ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே கெட்டியாகிவிடும். பிறகு ரேடியேட்டரை இறக்காமல் எடுக்க முடியாது. உப்பு ஏற்றும் தூத்துக்குடி வண்டிகளுக்கு நேர்மாறு: உப்பு தண்ணீரில் கரைந்து போகும், ஆனால் கழுவியபின் ஈரத்தோடு விட்டால் கப்ளரையும் எர்த் ஒயர் போல்ட்டையும் அரித்துவிடும். அங்கே உலர்த்துவதுதான் பெரிய வேலை.

ரேடியேட்டரை ஊதும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி ஊதுங்கள். தூசி வந்த வழியாகவே வெளியேற வேண்டும். முன்னிருந்து ஊதினால் இன்டர்கூலரில் இருந்த தூசி ரேடியேட்டருக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்பதால், இனி முன்னால் கண்டென்சர் என்று ஓர் அடுக்கு கூடுதலாகவும் இருக்கும். துடுப்புகளுக்கு நேராக, அரை அடி தள்ளி நின்று ஊதுங்கள். சாய்த்து ஊதினால் துடுப்பு மடங்கும்.

பிறகு தடித்த பிசுக்கை மரக் குச்சியால் சுரண்டி எடுங்கள். சம்ப் ஓரம், இன்ஜின் மவுண்ட் தாங்கி, ஏர் கம்ப்ரஸர் அடி, ஸ்டியரிங் பம்ப் அடி, இங்கெல்லாம் விரல் கனத்துக்கு இருக்கும். சுரண்டியதைத் தரையில் விடாமல் டின்னில் போடுங்கள். இதை ஒழுங்காகச் செய்தால் மருந்துச் செலவு பாதியாகும்.

இன்ஜெக்டர் வரிசையைத் தனியாகக் கவனியுங்கள். ஹை பிரஷர் பைப் நட்டைச் சுற்றிச் சின்னக் குழிகளில் மணலும் பிசுக்கும் சேர்ந்து நிற்கும். அடுத்த முறை மெக்கானிக் அந்த நட்டைத் திறக்கும்போது அந்த மணல்தான் உள்ளே விழும். இன்ஜெக்டருக்குள் இடைவெளி மைக்ரான் கணக்கில். ஒரு மணல் துணுக்கு போதும். இங்கே காற்றால் ஊதாதீர்கள், பறந்து வேறிடத்தில் விழும். மருந்தில் லேசாக நனைத்த டூத் பிரஷால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுங்கள். நட்டு எதையும் தளர்த்தக் கூடாது. டீசல் கசிகிறதா என்று இன்ஜின் ஓடும்போது கையால் தடவியும் பார்க்காதீர்கள். காமன் ரயில் அழுத்தம் 1,600 பாருக்கு மேல் போகும், ஊசி முனைக் கசிவே தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். அப்படி ஆனால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அந்த நிமிடமே மருத்துவமனை.

மருந்து

பம்ப்பில் முதலில் தண்ணீர், பிறகு டிகிரீசர். மாற்றி ஊற்றினால் நுரைதான் நிறையும். கேனில் கலவை அளவு எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. இல்லாவிட்டால் தடித்த பிசுக்குக்கு 1 பங்கு மருந்து, 5 பங்கு தண்ணீர். லேசான அழுக்குக்கு 1-க்கு 15. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில், பெயின்ட் மேலும் அலுமினியம் மேலும் கொஞ்சம் அடித்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்ஜினை ஒரே மூச்சில் நனைக்காதீர்கள். நான்கு பகுதியாகப் பிரித்து, ஒன்று முடிந்தபின் அடுத்தது. அதுவும் கீழிருந்து மேலாக அடியுங்கள். மேலிருந்து அடித்தால் வழியும் மருந்து கீழே கோடு கோடாகக் காய்ந்து கறை விடும். கீழே முன்பே நனைந்திருந்தால் கோடு விழாது. 5 முதல் 10 நிமிடம் ஊறட்டும். காயவே கூடாது. வெயிலில் நிற்கும் வண்டியில் மூன்று நிமிடத்திலேயே காயும், ஆகவே காலை நேரத்தில் நிழலில் வேலை செய்யுங்கள். காய ஆரம்பித்தால் தண்ணீர்ப் பம்ப்பால் லேசாக ஈரம் கொடுங்கள்.

ஊறும்போது பிரஷ். பெரிய பரப்புக்கு நைலான் பிரஷ், இடுக்குக்கு பெயின்ட் பிரஷ், கிளிப்புக்கும் போல்ட் தலைக்கும் டூத் பிரஷ். ஒயரிங் ஹார்னஸை மருந்தில் குளிப்பாட்டாதீர்கள். பனியன் வேஸ்ட்டை மருந்தில் நனைத்துப் பிழிந்து, ஹார்னஸைக் கைக்குள் பிடித்து நீளவாக்கில் உருவுங்கள். மூன்றாவது உருவலில் அதன் மேலிருக்கும் எண் ஸ்டிக்கரே தெரிய ஆரம்பிக்கும். அப்போது விரலுக்கு ஒரு சொரசொரப்பு தட்டுப்பட்டால் நிறுத்திப் பாருங்கள். பிராக்கெட்டில் உரசி உறை தேய்ந்த இடமாக இருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். மருந்தைவிட இந்தக் கண்டுபிடிப்புக்கு மதிப்பு அதிகம்.

ஃபேன் பெல்ட்டில் மருந்து வேண்டாம், வெறும் ஈரத்துணி போதும். எண்ணெயில் ஊறிய பெல்ட் கழுவினாலும் தேறாது, மாற்றுங்கள். யூரியா உப்புக்கும் டிகிரீசர் உதவாது; வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் அதன்மேல் வைத்தால் கரைந்துவிடும். யூரியா செம்பை அரிக்கும் என்பதால் அந்தக் கப்ளரையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

இரண்டு பொருள்களைக் கழுவவே முயல வேண்டாம். எக்ஸாஸ்ட் பைப்பைச் சுற்றிய கண்ணாடி நார்த் துணி எண்ணெய் குடித்திருந்தால், எவ்வளவு கழுவினாலும் உள்ளே எண்ணெய் நிற்கும்; சூடானதும் புகையும், பிறகு எரியும். கேபினுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சத்தம் தடுக்கும் ஸ்பாஞ்சும் அப்படித்தான். இரண்டையும் மாற்றுவதே வழி.

தண்ணீர்

இப்போதுதான் தண்ணீர். ட்ரிகர் ஓஸில் பூவாளி மாதிரி விழும் முனை. குழாய் அழுத்தமே போதும். பாதி டிரம், அதாவது 100 லிட்டருக்குள் முழு இன்ஜினும் முடிந்துவிடும். இந்த முறை மேலிருந்து கீழாக. மருந்து நுரை முழுக்கப் போகும்வரை அலசுங்கள், அலுமினியப் பாகங்களில் கொஞ்சம் கூடுதலாக.

பிரஷர் வாஷரைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் சம்ப்புக்கும் கியர்பாக்ஸ் அடிப்பகுதிக்கும் சேஸிஸுக்கும் மட்டும், விசிறி முனை போட்டு, குறைந்தது இரண்டு அடி தள்ளி. கப்ளர், ஆயில் சீல், ஃபேன் நடுவில் இருக்கும் விஸ்கஸ் கிளட்ச், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் துடுப்பு, இவற்றை நோக்கி ஒரு நொடி கூட வேண்டாம். கப்ளரின் ரப்பர் சீல் மழையைத் தடுக்கச் செய்தது, பிரஷர் வாஷரைத் தடுக்க அல்ல. அந்தத் தாரையைக் கையிலோ காலிலோ அடித்துக்கொள்வதும் ஆபத்து. தோலைக் கிழித்து உள்ளே போகும்.

மருந்து கண்ணில் தெறித்தால் தேய்க்காமல் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டி, பிறகு மருத்துவரிடம் போங்கள்.

கழுவிய தண்ணீர் போகும் இடமும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். ஏரிக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ இதைச் செய்யவே கூடாது. அந்தத் தண்ணீரைத்தான் கீழே வயலும் மாடும் குடிக்கும். எண்ணெய் பிரிக்கும் தொட்டி உள்ள வாட்டர் சர்வீஸ் ரேம்ப்பில் செய்யுங்கள். சுரண்டும் வேலையின்போது அடியில் கிழிந்த பழைய தார்ப்பாயும் அதன்மேல் மரத்தூளும் போட்டால், விழும் பிசுக்கு மொத்தமும் அதிலேயே நின்றுவிடும். எண்ணெய்த் துணியையும் தூளையும் எரிக்காமல், மூடிய டின்னில் சேர்த்து, அனுமதி பெற்ற கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

உலர்த்துவது, ஸ்டார்ட் செய்வது

பைகளை எடுத்து எண்ணிக்கையைச் சரிபாருங்கள். போல்ட் குழிகள், இன்ஜெக்டர் வரிசை, டேப்பட் கவர் ஓரம் ஆகிய இடங்களில் தேங்கிய தண்ணீரை 30 பிஎஸ்ஐ காற்றில் ஊதி வெளியேற்றுங்கள். கப்ளர் இடுக்கில் நேராக ஊதினால் ஈரம் உள்ளேதான் போகும். பக்கவாட்டில், ஒரு அடி தள்ளி ஊதுங்கள். ஈரம் போயிருக்குமோ என்று சந்தேகப்படும் கப்ளரை மட்டும் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்தபின் மாட்டுங்கள். லாக் விழும் சத்தம் கேட்க வேண்டும். எல்லாக் கப்ளரையும் கழற்றிப் பார்ப்பது நல்லதல்ல, பழைய லாக்குகள் உடையும். கேபினைத் தூக்கியபடியே ஒரு மணி நேரம், மழைக்காலத்தில் இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள்.

பேட்டரியை இணைத்து, சாவியை ஆன் மட்டும் செய்து பாருங்கள். வழக்கமாக எரிந்து அணையும் லைட்டைத் தவிர வேறு லைட் நின்று எரிந்தால், ஸ்டார்ட் செய்யாமல் அந்தக் கப்ளரைத் தேடுங்கள். ஏர் டக்ட்டுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று துளி சந்தேகம் இருந்தாலும் செல்ஃப் அடிக்கவே கூடாது. டக்ட்டைக் கழற்றி, உள்ளே கை விட்டுத் துடைத்து, ஃபில்டர் நனைந்திருக்கிறதா பார்க்க வேண்டும். நனைந்த பேப்பர் ஃபில்டரைக் காயவைத்துப் போடாமல் புதிதாக மாற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் 15 நிமிடம் ஐடிலில் ஓடட்டும். முதலில் லேசான வெண்ணீராவி எழும், அது ஈரம். பத்து நிமிடத்துக்குப் பிறகும் எழுந்தால், அல்லது எண்ணெய் கருகும் வாடை வந்தால், அணைத்துவிட்டுப் பாருங்கள். பெல்ட் கிறீச்சிட்டால் ஈரமாக இருக்கிறது, இரண்டொரு நிமிடத்தில் நிற்கும். நிற்காவிட்டால் மருந்து பட்டிருக்கிறது. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரில் துடையுங்கள்.

பளபளப்புக்கென்று டீசலோ பழைய ஆயிலோ பூசும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எடுத்த அழுக்கைத் திரும்ப அழைப்பது அது. ஓஸ்களுக்கு வேண்டுமானால் தண்ணீர் கலந்த சிலிக்கான் டிரஸ்ஸிங்கைத் துணியில் தொட்டுத் தடவலாம், பெல்ட்டில் படாமல். அடிப்பகுதியில் பிரஷர் வாஷர் போட்டிருந்தால் கிங் பின், ஷாக்கிள், கிராஸ் ஜாயின்ட், கேபின் கீல் எல்லா நிப்பிளிலும் அன்றே கிரீஸ் அடியுங்கள், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை. உள்ளே போன தண்ணீரை அதுதான் வெளியே தள்ளும்.

பிறகு கசிவு தேடும் வேலை. போட்டோவில் சந்தேகப்பட்ட இடங்கள் இப்போது சுத்தமாக, காய்ந்து இருக்கும். பஞ்சர் கடையில் கிடைக்கும் பிரெஞ்ச் சாக் பவுடரை அங்கெல்லாம் மெல்லத் தூவுங்கள். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் இன்ஜின் நின்றிருக்கும்போது மட்டும் தூவுங்கள். இன்ஜினை 15 நிமிடம் ஓடவிட்டு அணைத்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக் கோடு எந்த இடத்தில் ஆரம்பிக்கிறதோ அதுதான் ஊற்று. ஒன்றும் தெரியாவிட்டால் லோடோடு 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி கேபினைத் தூக்குங்கள். சில பேக்கிங்குகள் ஆயில் நன்றாகச் சூடாகி இளகினால்தான் கசியும், நிற்கும் வண்டியில் காட்டாது. டர்போ பக்கமோ மேனிஃபோல்டு பக்கமோ கோடு தெரிந்தால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த லோடு ஏற்ற வேண்டாம்.

மருந்து போட்டுக் கழுவுவது ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். நடுவில் மாதம் ஒரு முறை காற்றால் ஊதி, கசியும் இடத்தைத் துணியால் துடைத்து வந்தால் அடுத்த தடவை மருந்தில் பாதி மிஞ்சும்.